செதிலுக்கு அர்த்தம்

– கேட்குதாம்மா? அகராதி ஆபீஸ்தானே?

– அகராதி ஆபீஸ்தாங்கய்யா. முன்னாடி ரெண்டு தடவை அடிச்சதும் நீங்கதானா? ஒண்ணும் கேட்கல. கொஞ்சம் சத்தமா பேசுங்க.

– சத்தம் இவ்வளவுதாம்மா வரும். ஒரு சொல்லுக்கு அர்த்தம் வேணும். செதில்.

– மீன் செதில்தானே? சந்தையில சுரண்டிப் போடுவாங்களே.

– அதுகூடத் தெரியாமயா இருப்பேன், அறுபது ஆகப்போகுது. அந்தப் பேரு எப்படி வந்துச்சு?

– இருங்க, அந்தச் சொல்லோட அட்டையை எடுக்கிறேன்... மீன், பாம்பு உடம்பு மேல இருக்கிற தகடு. தோல்ல காய்ஞ்சு உதிர்றது. மரத்தை வெட்டும்போது விழற சில்லு. செதுக்குங்கிறதும் இதுவும் ஒரே வேர்தான் போலன்னு எங்க பெரியவர் ஓரத்துல பென்சில்ல எழுதியிருக்கார். கூடவே ஒரு கேள்விக்குறி.

– கேள்விக்குறி எதுக்கு? நான் தச்சு வேலைக்காரன்மா. உளியை வச்சுத் தட்டினா மெல்லிசா, ஏடு ஏடா எழும்பி வரும். அதைச் செதில்னுதான் சொல்லுவோம். முப்பத்தாறு வருஷம் பெருக்கித் தள்ளியிருக்கேன். அழிச்சிடச் சொல்லுங்க.

– அவரு லேசுல அழிக்கிற ஆளில்ல. ஆனா நீங்க சொன்னதை உதாரணத்துக்கு எழுதிக்கட்டுமா? அப்படியே, உங்க வாய்ச்சொல்லா.

– என் பேச்சையா? எழுதிக்கோங்க. இன்னொரு தடவை சொல்லட்டுமா?

– வேணாங்கய்யா, எழுதிட்டேன். தொண்டை ரொம்பக் கட்டியிருக்கு. வீட்டுல யாரையாவது வெந்நீர் வைக்கச் சொல்லுங்க.

– யாரைச் சொல்றது? அவ போயி நாலு வருஷம் ஆச்சு. பையன் வேற நாட்டுல. அவனுக்கு ஓய்வு கிடைக்கிறப்ப நான் தூங்கியிருப்பேன். ஞாயித்துக்கிழமை பேசுவான், 'சாப்பிட்டியாப்பா'ன்னு. சாப்பிட்டேன்னு சொல்லுவேன். அதோட சரி.

– ம்... இவ்வளவு நாள் கையில புழங்கின சொல்லு, இப்ப என்ன திடீர்னு ஆராய்ச்சி?

– ஆஸ்பத்திரி ரிப்போர்ட்ல வந்திருக்கு. செதில் உயிரணுன்னு. எனக்குத்தான். தொண்டையில.

– அதை டாக்டர்தாங்கய்யா சொல்லணும். நான் வெறும் சொல்லுக்கு அர்த்தம் பார்க்கிறவ. நீங்க அவரையே போய்ப் பார்த்து...

– நீங்க ஏம்மா தடுமாறுறீங்க? புத்துநோய்னு அவரு படமே போட்டுக் காட்டிட்டார். செதில் மாதிரித் தட்டையா இருக்குமாம் அந்த உயிரணு, அதான் அந்தப் பேராம். நல்ல மனுஷன், பொறுமையாச் சொன்னாரு.

– அப்ப எல்லாம் தெரிஞ்சுக்கிட்டுத்தான் கேட்டீங்களா? எதுக்குங்கய்யா?

– நாளைக்குக் காலையில எட்டு மணிக்குக் குரல்வளையை எடுக்கிறாங்கம்மா. அதுக்குள்ள யார்கிட்டயாவது பேசிடணும்போல இருந்துச்சு. சும்மா பேசணும்னு சொன்னா யாரும்மா பேசுவா?