கணக்குப் பரீட்சையன்று பூட்டிய கதவு

வெயிலில் நிற்காதீர்கள் மச்சான், ஜன்னலோரம் நிழல் இருக்கிறது. அங்கேயே நின்று கேளுங்கள்.

உங்கள் தங்கை படிப்பதில் எனக்கு வருத்தமே கிடையாது. பள்ளிக்கூடம் போகாமல், வாத்தியார் இல்லாமல், நாற்பது வயதில் வீட்டிலிருந்தே படித்துப் பள்ளி இறுதித் தேர்வு எழுதுகிறாள் என்றால் யாருக்குத்தான் பெருமையாக இராது? அலமாரிக் கதவு முழுக்கச் சாக்பீஸால் சூத்திரம் எழுதி வைத்து, அடுப்பில் கிண்டிக்கொண்டே மனப்பாடம் செய்வாள். அதே தேர்வில், கணக்கில், நான் மூன்று முறை கோட்டை விட்டவன். அது வேறு விஷயம்.

அந்தப் படிப்பு கடைக்கு வந்ததுதான் வினை. பூட்டு ரிப்பேரில் எனக்கு இருபது வருடப் பழக்கம். வெயில் நேரத்தில் சாவி மாட்டிக்கொள்கிறது என்று ஒருவர் வந்தார். எண்ணெய் விடச் சொன்னேன். சாப்பாடு கொண்டு வந்த உங்கள் தங்கை, "சூட்டுல இரும்பு விரியுதுங்க, அதான்" என்றாள். அவர் என்னை விட்டுவிட்டு அவளிடம் சந்தேகம் கேட்க ஆரம்பித்தார். எனக்கு வயிறு எரிந்தது. பாஸாகிவிட்டால் கடையில் என் நாற்காலி யாருக்கு, நீங்களே சொல்லுங்கள்.

அதன்பிறகு, கல்யாணமான நாளிலிருந்து முதல்முறையாக வீட்டைத் துடைத்தேன். அலமாரிக் கதவிலிருந்து ஆரம்பித்தேன். ஒருவரும் பாராட்டவில்லை.

முதல் பரீட்சையன்று, அவள் உள்ளே இருக்கும்போதே கதவைப் பூட்டிச் சாவியைக் கடைக்கு எடுத்துப் போனேன். பழக்கதோஷம் என்று அப்போது சொன்னேன். கொண்டை ஊசியால் திறந்துகொண்டு போய் எழுதிவிட்டு வந்திருக்கிறாள். அதையும் யாரும் சொல்லித் தரவில்லையாம், பார்த்துப் பார்த்துத் தானே கற்றுக்கொண்டதாம். சண்டை போட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். "உங்க பூட்டுல ஸ்பிரிங் தொளதொளன்னு இருக்கு, பாத்து மாத்துங்க" என்றாள்.

மாற்றினேன். நேற்றுப் பகல் முழுக்க உட்கார்ந்து, உள்பக்கம் துவாரமே இல்லாத பூட்டாகச் செய்து மாட்டினேன். என் கையால் செய்ததிலேயே அதுதான் உருப்படியானது. உள்ளே அகப்பட்டால் தலைகீழாக நின்றாலும் என்னாலேயே திறக்க முடியாது. திருட்டுப் பயம் அதிகமாகிவிட்டது, பாருங்கள்.

இன்று கணக்குப் பரீட்சை. துணி காயப்போட வாசலுக்கு வந்தவள் உள்ளே போகட்டும், பூட்டிவிடலாம் என்று சாவியைப் பூட்டிலேயே விட்டுக் காத்திருந்தேன். "பேனா மேஜை மேல இருக்கு, எடுத்துத் தர்றீங்களா?" என்றாள். ஒரு பேனாவுக்கு முடியாது என்கிற அளவுக்கு நான் ஈவிரக்கம் இல்லாதவனா? போனேன். மேஜையில் பேனா இல்லை. பின்னால் கதவு மூடிப் பூட்டு விழுந்தது. என்ன சுத்தமான சத்தம், மச்சான்.

"வெயில் ஏறினா விரியும். நான் வர்ற வரைக்கும் கதவை ஆட்டாதீங்க" என்று சொல்லிவிட்டுச் சாவியோடு போய்விட்டாள்.

ஆளைக் கூப்பிடாதீர்கள். பூட்டுக்காரனே பூட்டிக் கிடக்கிறான் என்று தெரிந்தால் என் பிழைப்பு போச்சு. யாராவது கேட்டால், அவள் கவனம் சிதறாமல் எழுதட்டும் என்று நானாகவே உள்ளே இருந்துகொண்டேன் என்று சொல்லுங்கள். யோசித்துப் பார்த்தால் அதுதானே உண்மை.