ஊறுகாவோட விலாசம்

இல்லீங்க தம்பி, அதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்றேன், அவர் பேரு எனக்குத் தெரியாது. வீட்டு விலாசமும் தெரியாது. ஆனா மனுசன் வீட்டுக்குள்ள விழுந்து கிடக்கார், அது நிச்சயம். அவருக்கு ஆம்புலன்ஸ் அனுப்பணும், இப்பவே.

ஐயோ, விளையாட்டு இல்லீங்க. எழுபத்தோரு வயசுல ஆம்புலன்ஸ் நம்பருக்குப் போன் போட்டு யாராவது விளையாடுவாங்களா?

என் விலாசம் எதுக்கு இப்ப? எம் பேரு எலுனெட். வேல்ஸ்ல, எல்லைப் பக்கம் இருக்கேன். என்னை விடுங்க. அவர் இங்க இல்ல, இங்கிலாந்துல வடகிழக்கே எங்கேயோ கடலோரம். உங்க ஏரியா இல்லைன்னு எனக்கும் தெரியும். ஆனா அந்தப் பக்கத்து ஆளுங்களுக்கு நீங்கதான சொல்ல முடியும்? நான் கூப்பிட்டா உங்ககிட்டதான வந்து விழுது.

எப்படித் தெரியும்னா, காதால கேட்டேன். டேப்லெட்ல அவர்கூடப் பேசிக்கிட்டு இருந்தேன். நல்லாத் திட்டிக்கிட்டு இருந்தார், நடுவுல பேச்சு நின்னுபோச்சு. தொப்புன்னு ஒரு சத்தம். கூடவே ஏதோ உடைஞ்சது, டீ கப்பா இருக்கும். லைன் இன்னும் கட் ஆகல. அவர் வீட்டு ரேடியோ ஓடுது. பூனை கத்துது. அதுக்குப் பின்னால கொரகொரன்னு ஒண்ணு வருது பாருங்க, அது அவர் மூச்சா, ரேடியோ இரைச்சலான்னு எனக்குச் சொல்லத் தெரியல. பயமா இருக்கு தம்பி.

சொந்தமெல்லாம் இல்ல. நேர்ல பாத்ததே கிடையாது. குரூப்பு. முட்டி ஆபரேஷனுக்குக் காத்துக்கிட்டு இருக்கறவங்க சேந்து இன்டர்நெட்ல ஆரம்பிச்சது. முதல்ல எந்த மாத்திரை கேக்குது, எந்த ஐஸ் பை நல்லாருக்குன்னுதான் பேசினோம். அப்புறம் யாரோ ஒருத்தர், ஏன் நம்மளை இத்தனை வருசம் காக்க வைக்கறாங்கன்னு கேட்டுட்டார். அவ்வளவுதான். அன்னிக்கு ஆரம்பிச்ச சண்டை இன்னும் முடியல. முட்டி மாத்தினவங்ககூட குரூப்பை விட்டுப் போகல. வீட்ல தனியா உக்காந்து யார்கூடச் சண்டை போடுறது, சொல்லுங்க?

ஊறுகா. நாங்க அவரை ஊறுகான்னுதான் கூப்பிடுவோம். வெங்காய ஊறுகா போடுவார், அந்தப் பெருமை தாங்காது. பக்கா டோரி கட்சி. நான் லேபர் கட்சி. என்னைச் செங்கொடின்னு கூப்பிடுவார். காலைல பல்லு விளக்குறதுக்கு முன்னாடியே எனக்கு ஒரு குத்து வந்துரும். ஏ செங்கொடி, உங்க ஆளுங்க வந்தா ஆஸ்பத்திரி வரிசையே காணாமப் போயிரும்னியே, எங்க போச்சு, சோபாவுக்கு அடியிலயான்னு. நான் சும்மா விடுவேனா? பதினாலு வருசம் உங்க ஆளுங்க ஆண்டப்ப நீங்க என்ன, குறட்டையான்னு திருப்பிக் குடுப்பேன். அப்படி ஒரு நாள் திட்டலைன்னா ரெண்டு பேருக்கும் டீ இறங்காது.

கேக்கறீங்க பாருங்க, பேரு ஏன் தெரியாதுன்னு. அது எங்க குரூப்புச் சட்டம். ஐரோப்பாவை விட்டு வெளியேறணுமா வேணாமான்னு நாடே அடிச்சுக்கிட்டப்ப, எங்கள்ல ரெண்டு பேருக்கு வாய்ச்சண்டை முத்திப்போய், ஒருத்தர் இன்னொருத்தரோட ஆபீஸைக் கண்டுபிடிச்சு மேலதிகாரிக்கு எழுதிப் போட்டுட்டார். பாவம், வேலையே ஆட்டம் கண்டுருச்சு. அதுக்கப்புறம் யாரும் நிஜப் பேரு சொல்லக் கூடாது, ஊரு சொல்லக் கூடாதுன்னு முடிவு பண்ணிட்டோம். அவர் மூல வியாதிக்கு என்ன களிம்பு போடுறார்னு எனக்குத் தெரியும். அப்பன் வச்ச பேரு தெரியாது. இதை என்னன்னு சொல்றது!

அந்த இன்டர்நெட் கம்பெனிக்காரங்களா? கேட்டா குடுப்பாங்களா? எவ்வளவு நேரம் ஆகும்? பாத்தீங்களா. அதுக்குள்ள மனுசன் போயிருவார்.

சரி, சரி, அமைதியாவே சொல்றேன். நேத்துலேர்ந்து தாடை வலின்னு சொல்லிக்கிட்டு இருந்தார். பல்லுவலின்னே நாங்க நினைச்சோம். அவர் ஊர்ல பல் டாக்டரே கிடையாதாம், பேரு பதிஞ்சுட்டு ரெண்டு வருசமாக் காத்துக்கிட்டு இருக்கார். டச்சஸ், வாய் வலிச்சா நாட்டுக்கு நல்லதுதானேன்னு எழுதினா. டச்சஸ்னா அவளும் குரூப்புதான். ஊர் பஸ் ஓட்டி ரிட்டயர் ஆனவ, பேருதான் மகாராணி மாதிரி. நாங்க எல்லாரும் விழுந்து விழுந்து சிரிச்சோம். இன்னிக்கு மத்தியானம் பேசிக்கிட்டே இருக்கறப்ப, இடது கையும் குடையுதுன்னார். எனக்கு சுருக்குன்னுச்சு. எங்க வீட்டுக்காரர் போனதும் அப்படித்தான், தாடை, கை, அப்புறம் நெஞ்சு. ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கன்னேன். மாட்டேன்னுட்டார். இன்னிக்கு வேணாம், ஏற்கனவே ஆம்புலன்ஸுக்கு வரிசை நீண்டு கிடக்கு, நான் வேற எதுக்குன்னார். கெஞ்சினேன். அதட்டினேன். போ செங்கொடி, நீ சொல்லி நான் என்னிக்கு எதைக் கேட்டிருக்கேன்னு சிரிச்சார். அந்தச் சிரிப்பே மூச்சு வாங்கிக்கிட்டுத்தான் வந்துச்சு.

ஆமா, குரல் பேச்சுதான். எழுத்து இல்ல. இன்னிக்குத்தான் முதல் தடவை அவர் குரலே கேக்கறேன். நான் நினைச்ச குரலே இல்ல, சின்னப் பையன் மாதிரி மெல்லிசா இருக்கு. ஏன் இன்னிக்கு மட்டும்னா... அது வேற கதை, விடுங்க. மொதல்ல அவரைக் கண்டுபிடிப்போம்.

அவரைப் பத்தி என்னென்ன தெரியுமா? இருங்க, யோசிக்கிறேன். கடல் காக்கா பொரிச்ச மீனைப் பிடுங்கிட்டுப் போயிருச்சுன்னு புலம்புவார். முட்டியோட மாடிப்படி ஏற முடியலன்னு புலம்புவார். லைப்ரரியை மூடிட்டாங்கன்னு புலம்புவார், அது எந்த ஊர்ல மூடல! வேற என்ன...

ஓட்டு! தம்பி, ஓட்டு! போன வருசம் கவுன்சில் எலெக்ஷன். அவங்க வார்டுல ரெண்டு பேருக்கும் சரிசமமா ஓட்டு விழுந்துருச்சு. திருப்பித் திருப்பி எண்ணிப் பாத்தும் அதேதான். கடைசில சீட்டுக் குலுக்கிப் போட்டுத்தான் முடிவு பண்ணினாங்க. இவர் ஆளு தோத்துட்டான். அதுல கொடுமை என்னன்னா, இவர் அன்னிக்கு ஓட்டே போடல. முட்டியை ஸ்கேன் பண்ண வரச் சொல்லியிருந்தாங்க, அந்தத் தேதியை விட்டா அடுத்தது எப்பவோன்னு போயிட்டார். சாயங்காலம் திரும்பி வந்து, கொஞ்சம் உக்காந்துட்டுப் போலாம்னு மாடி ஏறினார், முட்டி வீங்கிப்போய் மறுபடி படி இறங்க முடியல. தன் ஒரு ஓட்டு விழுந்திருந்தா ஜெயிச்சிருப்பான்ல? ஒரு வாரம் சோறு தண்ணி இறங்கல மனுசனுக்கு. நாங்க விடுவோமா? லேபரை ஜெயிக்க வச்ச தியாகி, ஊறுகாவுக்குச் சிலை வைக்கணும்னு நான்தான் ஆரம்பிச்சேன்.

சீட்டுக் குலுக்கின வார்டு நாட்டுல எத்தனை இருக்கப் போகுது? விரல் விட்டு எண்ணிரலாம். குரூப்புல டச்சஸும் நாம பேசறதைக் கேட்டுக்கிட்டே தேடிக்கிட்டு இருக்கா, இருங்க, டேப்லெட்ல எழுதுறா. எனக்கு எட்டல, கொஞ்சம்... ஆ... ஒண்ணுமில்ல தம்பி, திரும்பினேன், அவ்வளவுதான். கண்ணாடி இல்லாமப் படிக்கணும். கடலோரமா ஒரே ஒரு இடம்தான் இருக்காம். கார்ல்பி பே. கார்ல்பி பே ஊர்ல வடக்கு வார்டு. எழுதிக்கிட்டீங்களா?

வார்டு முழுக்கத் தேட முடியாதுதான். கேளுங்க, இன்னும் இருக்கு. படி இறங்க முடியலைன்னேன்ல, அன்னிக்கு ஜன்னல்ல உக்காந்து ஓட்டுச் சாவடியைப் பாத்துக்கிட்டே இருந்தேன்னார். நேர் எதிர்லயாம். சனங்க உள்ள போறதும் வர்றதும் தெரியுது, கையசைச்சுக் கூப்பிட்டும் ஒருத்தனும் நிமிந்து பாக்கலன்னார். சாவடி எங்க தெரியுமா? ஒரு லாண்டரிக்குள்ள. துணி துவைக்கிற மெஷினுக்கு நடுவுல ஓட்டுப்பெட்டி. டோரி அழுக்கையெல்லாம் அங்கயே வெளுத்துட்டாங்களான்னு டச்சஸ்கூட கேட்டா.

நீங்களே பாக்கறீங்களா? பாருங்க, கவுன்சில் வெளியிட்ட சாவடிப் பட்டியல் அப்படியே கிடக்கும். ... என்னது? ஹெரிங் லேன். லாண்டரி. அதேதான் தம்பி, அதேதான்! அதுக்கு எதிர்ல, மாடி வீடு. எந்த வீடுன்னா, ஜன்னல்ல நீலப் போஸ்டர் ஒட்டியிருக்கும். தோத்த ஆளோட போஸ்டர். இன்னும் கிழிக்கல அவர். எம்மேல உள்ள கோவத்துல கிழிக்க மாட்டேங்கறார். ஹெரிங் லேன்ல வேற யார் வீட்லயும் இருக்காது, சத்தியமா.

கிளம்பிட்டாங்களா? உயிர் போற கேஸுன்னு சொன்னீங்களா? நல்லது. நல்லது தம்பி. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்.

இல்ல, அந்தக் கொரகொர சத்தம் இப்ப கேக்கல. ரேடியோ மட்டும் கேக்குது. யாரோ மந்திரி பேசுறார், காத்திருப்பு குறைஞ்சுக்கிட்டு வருதாம். பூனையும் சத்தம் காட்டல. ஊறுகா! ஊறுகா, கேக்குதா? ஆளுங்க வர்றாங்க. எதுக்காவது பதில் சொல்லுங்களேன். உங்க கட்சியே நல்ல கட்சின்னு வேணா ஒத்துக்கறேன், எழுந்திருங்க...

பேசிக்கிட்டே இருக்கச் சொல்றீங்களா? பேசுறேன். தொண்டை காஞ்சுபோச்சு, அதான். தண்ணியா? இல்ல, எடுக்க முடியாது. பரவால்ல.

இருங்க. தட்டுறாங்க. கதவு, ஆமா, அவர் வீட்டுக் கதவுதான், டேப்லெட்ல கேக்குது. இவ்வளவு சீக்கிரமாவா? பக்கத்துலயே வண்டி நின்னுச்சா? உடைக்கட்டும், உடைக்கட்டும், கேக்காதீங்க. ... உள்ள வந்துட்டாங்க தம்பி. பொம்பளைப் பிள்ளை குரல் ஒண்ணு. சார், சார்ங்குது. சார்னா அவருக்கு எப்படித் தெரியும்? ஊறுகான்னு கூப்பிடச் சொல்லுங்க. செங்கொடி கூப்பிடுறான்னு சொல்லச் சொல்லுங்க, திட்டறதுக்காவது கண்ணைத் தொறப்பார். ... எண்ணுறாங்க. ஒண்ணு, ரெண்டுன்னு எண்ணுறாங்க. நெஞ்சை அழுத்துறாங்களோ? சத்தமா மூச்சு விட்டுக்கிட்டு எண்ணுறாங்க.

போச்சு. லைன் போயிருச்சு. யாரோ போனைத் தட்டி விட்டுட்டாங்க போல. இல்ல சார்ஜ் போயிருக்கும், காலைலேர்ந்து ஓடுதே.

தெரிஞ்சா சொல்லுவீங்கல்ல? சொந்தக்காரங்களுக்குத்தான் சொல்லுவோம்னு சொல்லாதீங்க. அவருக்கு வேற யாரும் இல்ல.

என்ன நம்பர்? ஆமா, என் நம்பர்தான். ஓ, அதுவா. ஆமா தம்பி, காலைல கூப்பிட்ட எலுனெட் ப்ரோபர்ட் நான்தான். உங்க ஸ்கிரீன்ல இன்னும் நிக்குதா என் பேரு? சமையல்கட்டுல வழுக்கி விழுந்துட்டேன். இடுப்பு போயிருச்சுன்னு நினைக்கிறேன், கால் ஒரு பக்கமாத் திரும்பிக் கிடக்கு. வரிசைல வச்சிருக்கோம், நேரமாகும், எதுவும் குடிக்காதீங்க, அசையாதீங்கன்னு அந்தப் பொண்ணு சொல்லுச்சு. தங்கமான பொண்ணு, அது மேல தப்பில்ல. பக்கத்து வீட்டுக்காரங்க ஸ்பெயினுக்குப் போயிருக்காங்க. டேப்லெட் மேசை விளிம்புல இருந்துச்சு, துணியை இழுத்து விழ வச்சேன். இப்படிப் படுத்துக்கிட்டு எழுத வரல. அதான் ஊறுகா, எழுத வேணாம் பேசுவோம்னு குரல்ல வந்தார். நான் கண்ணை மூடிறக் கூடாதுன்னு காலைலேர்ந்து என் கட்சியைத் திட்டிக்கிட்டே இருந்தார், பாவம், ஒரு வாய் சாப்பிடல. கை வலிக்குதுன்னு சொன்னப்பகூட, மொதல்ல உனக்கு வண்டி வரட்டும் செங்கொடி, நான் இப்ப போனை வச்சா நீ தூங்கிருவன்னார்.

இல்ல, எம்மேல கோவப்படாதீங்க. முன்னாடியே சொல்லியிருந்தா என்னைப் பத்தியே கேட்டுக்கிட்டு இருந்திருப்பீங்க. அவரை விட்டிருப்பீங்க.

இப்ப வலியெல்லாம் இல்ல தம்பி. காலைல உயிர் போச்சு, இப்ப சுத்தமா இல்ல. தரைகூட ஜில்லுன்னு இருந்துச்சு, இப்ப அதுவும் தெரியல. இதமாத்தான் இருக்கு. தூக்கம்தான் கண்ணைக் கட்டுது. நீங்க போனை வச்சிடாதீங்க, என்ன? உங்களுக்குத் திட்டத் தெரியுமா? தெரிஞ்சா என் கட்சியைப் பத்தி எதையாவது சொல்லுங்களேன்.