பச்சைச் சூரியனுக்கு எத்தனை மார்க்

அச்சுக்காரர்: ...இதுக்கு நாலுதான். பறக்குற கோட்டை, கீழே டிராகன், மேலே மூணு நிலா. வீடு மாத்துறப்போ கண்ணுல பட்டதையெல்லாம் ஒரே பெட்டியில திணிச்ச மாதிரி!

ஓவியர்: புரோகிரெசிவ் ராக் இசைன்னா அப்படித்தான். பாட்டே இருபத்திரண்டு நிமிஷம். கேக்குறவன் அதுவரைக்கும் எதைத்தான் பாத்துக்கிட்டு உக்காந்திருப்பான்?

அச்சுக்காரர்: இசைத்தட்டோட அட்டையைத்தான்! மடியில விரிச்சா ரெண்டடி நீளம். ஒவ்வொரு தடவையும் புதுசா ஏதாவது கண்ணுல படும். என்ன காலம் அது... இப்ப போன்ல, நகத்தளவுக்கு ஒரு படம்.

ஓவியர்: பெருமூச்சை அப்புறம் விடலாம். கண்காட்சி திறக்க ஒரு மணி நேரம் இருக்கு. நம்ம ரெண்டு பேரை நம்பி நூத்தம்பது இசைத்தட்டைக் குடுத்திருக்காங்க. முதல் பரிசு எந்த அட்டைக்கு?

அச்சுக்காரர்: இதோ, இதுக்கு. பச்சைச் சூரியன், சிவப்பு வயல். பத்துக்குப் பத்து.

ஓவியர்: ஐயோ, இதை எவன் உள்ள வச்சான்? எடுங்க வெளியே. நடுவரோட படம் போட்டியில இருக்கக் கூடாது. விதி.

அச்சுக்காரர்: விதி கிடக்கட்டும். மோந்து பாருங்க... நாப்பது வருஷமாச்சு, இன்னும் மை வாசனை போகல.

ஓவியர்: வாசனைக்கெல்லாம் மார்க் கிடையாது.

அச்சுக்காரர்: பச்சைச் சூரியனுக்கு உண்டுல்ல? "உலகம் தலைகீழாப் போச்சுங்கறதை ஒரே நிறத்துல சொல்லிட்டாங்க"ன்னு பத்திரிகையில எழுதினானே! நீங்ககூடப் பேட்டியில...

ஓவியர்: ஏதோ உளறினேன். விடுங்க.

அச்சுக்காரர்: ஆர்ட்டிஸ்டம்மா...

ஓவியர்: என்ன, குரல் இறங்குது?

அச்சுக்காரர்: உங்க படம்னாத்தானே வெளியே எடுக்கணும்? இது... உங்க படமே இல்ல.

ஓவியர்: நல்லா இருக்கே! மூலையில என் கையெழுத்து...

அச்சுக்காரர்: நீங்க வரைஞ்சது சிவப்புச் சூரியன். பச்சை வயல்.

ஓவியர்: யார் சொன்னா?

அச்சுக்காரர்: இதை அடிச்சதே நான்தான். அப்ப பிரெஸ்ல சேர்ந்து பதினோரு நாள்தான். பாட்டுக்காரப் பசங்க கேசட் ஒண்ணு குடுத்திருந்தாங்க. மெஷின் பக்கத்துல ஓடவிட்டேன். அதுல அந்த ஆர்கன் வாசிப்பு இருக்கே... சொக்கிப் போயிட்டேன். சிவப்புப் பிளேட்டை நீல மையில மாட்டி, நீலப் பிளேட்டைச் சிவப்பு மையில மாட்டி... மஞ்சளோட சேர்ந்து சூரியன் பச்சையாயிடுச்சு, வயல் சிவப்பாயிடுச்சு. ரெண்டாயிரம் அட்டை அடிச்சப்புறந்தான் நிமிர்ந்தே பாத்தேன்.

ஓவியர்: அப்புறம்?

அச்சுக்காரர்: முதலாளி ஒரு அட்டையைத் தூக்கிட்டு அவர் ரூமுக்குள்ள போனார். சரி, வேலை போச்சுன்னு பையைத் தோள்ல மாட்டிட்டேன். வெளியே வந்தவர், "அடுத்த வேலையைப் பாரு"ன்னார். அவ்வளவுதான்! அவருக்கு ஏன் கோபம் வரலன்னு இன்னிக்கு வரைக்கும் புரியல.

ஓவியர்: நீங்களும் கேக்கல.

அச்சுக்காரர்: வாயைக் குடுத்து மாட்டிக்கவா? அம்மா, தங்கச்சின்னு வீட்டுல ரெண்டு பேர்... அப்புறம் உங்களுக்குப் பேர் வந்துச்சு. அதைப் பாக்கப் பாக்க ஒரு பக்கம் நிம்மதி, ஒரு பக்கம் நெஞ்சுல முள்ளு. நல்ல படத்தைக் கெடுத்தது நான். மன்னிச்சிடுங்க.

ஓவியர்: காக்கிப் பை. ஒரு வார் அறுந்து, ஊக்கு குத்தியிருந்துச்சு.

அச்சுக்காரர்: அது... உங்களுக்கு எப்படி...

ஓவியர்: அன்னிக்கு அட்டையைப் பாக்க வந்து, முதலாளி ரூம்ல நான்தான் உக்காந்திருந்தேன். "எவன் இந்த வேலையைப் பண்ணினது, இப்பவே துரத்துறேன்"னு குதிச்சார் மனுஷன். கண்ணாடிக் கதவு வழியாப் பாத்தேன். பையை மாட்டிக்கிட்டு, கண்ணைத் துடைச்சுக்கிட்டு, அப்பவும் கேசட்டைத் திருப்பிப் போட்டுக்கிட்டு ஒருத்தர் நிக்கிறார். "நான்தான் சார் நிறத்தை மாத்தச் சொன்னேன்"னு சொல்லிட்டேன். அன்னையிலேர்ந்து ஊரே புகழுது, எனக்கு அந்தப் பச்சையைக் கண்டாலே ஆகாது. எழுதிக்குங்க... ரெண்டு மார்க்.