ரத்தத்துக்குத் தெரியும்

திருப்பதியிலிருந்து வெதுருகுப்பம் போகும் பஸ். எனக்கு முன் சீட்டில், குவைத்தில் வீட்டுவேலை முடிந்து அன்றுதான் திரும்பிய ஒருத்தியும் அவள் நாத்தனாரும். வந்தவள் தூக்கத்தில் பேசுவதுபோல் சொன்னாள்:

"என் ரத்தத்துக்கு அம்மையத் தெரியும்க்கா."

"இன்னா உளறிக்கினு வர? உன் பாப்பாவுக்கு அம்மை போட்டு வாசல்ல வேப்பிலை கட்டியிருக்குது. தூரத்துலேருந்து வந்தவ உள்ள போவக்கூடாது."

"எனக்கு சின்னதுலயே வந்துடுச்சி. அப்போ சண்டை போட்ட வெள்ளை அணுல கொஞ்சம் சாவாம காவல் இருக்குமாம். அம்மை மறுபடி வந்தா அடையாளம் கண்டு, கூட்டமா பெருகி அடிச்சிடுமாம். அங்க ஒரு நர்ஸ் சொன்னாங்க."

"தவழும்போது உட்டுட்டுப் போன. பாப்பாவுக்கு உன் மொகமே தெரியாதே."

மாந்தோப்புகள் மெல்லப் பின்னால் போய்க்கொண்டிருந்தன.

"தெரியாட்டி போவட்டும். உங்க வூட்ல பெரியவங்க யாருக்கும் அம்மை வந்ததில்ல. பயந்துக்கினு எட்டி நின்னு கஞ்சி வெக்கிறீங்க. நான் மடியில போட்டுக்குவேன்."