‘நிறுத்து’ பொத்தானும் நடையம்மாவும்

மேடையில் அமர்ந்திருக்கும் முதலாளி அவர்களே, சங்கச் செயலாளர் அவர்களே, முன்வரிசையில் இருக்கும் நம் நடையம்மாவின் மகளே, நம் சலவை ஆலையின் பணியாளர்களே, வணக்கம்.

பதிவேட்டு எழுத்தரான எனக்கு மேடை பழக்கமில்லை. தாளில் எழுதி வந்திருக்கிறேன். எதையாவது விட்டிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நம் பணியாளர் துறைத் தலைவரை, நீங்கள் எல்லோரும் ‘நடையம்மா’ என்று அழைத்தவரை, பதினோரு நாட்களுக்கு முன் மாரடைப்பு கொண்டுபோய்விட்டது. நம் வருகையையும் விடுப்பையும் பதியும் கைபேசிச் செயலிக்கு அவர் எதிரி என்று சிலர் நினைக்கிறார்கள். இல்லை! அதைக் கொண்டுவந்தவரே அவர்தான். இஸ்திரிப் பிரிவு அக்கா ஒருவரின் பிரசவ விடுப்பு மனு என் இழுப்பறையில் ஒன்பது நாள் கிடந்தது. என் தவறு. இன்று செயலியில் அதே விடுப்பு பத்து நிமிடத்தில் கிடைக்கிறது. “உங்க இழுப்பறைக்கு ஓய்வு குடுத்துட்டேன் ஐயா” என்று அம்மா சிரித்தார்.

ஆனால் ஒரு வழக்கம் வைத்திருந்தார். தாமதம், வரவில்லை என்று திரையில் யார் பெயரிலாவது சிவப்புக் கோடு விழுந்தால் எச்சரிக்கைக் கடிதம் தானாகத் தயாராகிவிடும்; யாரும் நிறுத்தாவிட்டால் போய்விடும். அம்மா ‘நிறுத்து’ பொத்தானை அழுத்துவார். எழுந்து நடப்பார். நேரில் கேட்பார். கடிதம் போக வேண்டுமா என்பதை அதன்பிறகே முடிவு செய்வார்.

பாய்லர்காரருக்கு ஒரே மாதத்தில் ஏழு தாமதங்கள் சேர்ந்து ஒரு கோடு விழுந்தது. அம்மா என்னையும் அழைத்துக்கொண்டு அவரிடம் போனார்.

“என்னம்மா, நேர்லயே வந்துட்டீங்க? போன்லயே திட்டியிருக்கலாமே!”

“போனுக்குத் திட்டத்தான் தெரியும் தம்பி, கேக்கத் தெரியாது. ஏன் லேட்டு?”

“லேட்டா? நானா? ஏழு மணிக்கு எல்லாருக்கும் ஆவி வேணும்ல? பின்வாசல் வழியா வந்து பாய்லரைப் பத்தவச்சுட்டு, அப்புறந்தான் முன்வாசல் கேமராவுக்கு மூஞ்சியக் காட்டுறேன்.”

எல்லோருக்கும் முன்னால் வருபவரைத்தான் இயந்திரம் தாமதம் என்றது! மாதம் முழுவதும் பதிவுகளைச் சரிபார்த்த எனக்காவது தெரிந்ததா? அடுத்த வாரமே பின்வாசலிலும் ஒரு கேமரா வைத்தார் அம்மா. பிறகு வேறோர் ஆலை கூடுதல் சம்பளத்துக்குக் கூப்பிட்டபோதும் பாய்லர்காரர் போகவில்லை. “அங்க கோடு விழுந்தா யாரு வந்து கேப்பாங்க?” என்றார். விசுவாசம் என்பது வேறென்ன?

முதலாளி அவர்களே, இன்று காலை நீங்கள் கேட்டீர்கள்: “அந்தப் பொத்தானுக்கு இனிமே யார் பொறுப்பு? ஆள் இல்லேன்னா எடுத்துடலாம், கடிதம் தானாப் போகட்டும்.” நடந்து போய்க் கேட்க எனக்கு என் முழங்கால்களிலும் நம்பிக்கையில்லை, என்மேலும் இல்லை.

பிறகு திரையைத் திறந்தேன். மூன்று கோடுகள். ஒன்று அம்மாவின் பெயரில்: ‘பதினோரு நாட்களாகத் தகவலின்றிப் பணிக்கு வரவில்லை.’ அவருடைய மறைவைச் செயலியில் யாரும் பதியவில்லை. இத்தகைய பதிவுகளைச் செய்துவந்தவர் அவரே அல்லவா! எச்சரிக்கைக் கடிதம் அவர் வீட்டு முகவரியோடு தயாராக இருந்தது. அம்மா விடுப்பெடுக்கும் நாட்களில் பொத்தானை அழுத்த எனக்குத் தந்திருந்த அனுமதி இன்னும் இருந்தது. மூன்று கடிதங்களுக்கும் ‘நிறுத்து’ பொத்தானை அழுத்திவிட்டேன்.

ஐயா, அந்தப் பொத்தானுக்குப் பொறுப்பாக என் பெயரை எழுதிக்கொள்ளுங்கள். என்னோடு நடக்க இளையவர் இருவரையும் கொடுங்கள். எனக்குப் பின்னும் இந்த நடை நிற்கக் கூடாது.

மீதி இரண்டு கோடுகளுக்கு உரியவர்களும் இந்தக் கூட்டத்தில்தான் இருக்கிறீர்கள். பயப்படாதீர்கள். கூட்டம் முடிந்ததும் நானே உங்களிடம் நடந்து வருகிறேன். கேட்பதற்குத்தான்.