இலையைக் கடிச்சிடாதீங்க

ஐயோ, குப்பையில போட்டுடாதீங்கக்கா! உங்க புது ஃப்ரிட்ஜோட வந்த தெர்மாகோல்தானே? எனக்குக் குடுங்க. ஜன்னல் கம்பிக்குள்ள நுழையாது, ரெண்டா உடைச்சுக் குடுங்க, நான் ஒட்டிக்கறேன்.

கேக்குக்குத்தான். சிரிக்காதீங்க, திங்கறதுக்கு இல்ல. வட்டமா அறுத்து, மேல தண்ணி தடவி, ஃபாண்டன்ட்டைப் போர்த்திப் பழகுவேன். சர்க்கரை மாவுக்கா அது. பெரிசா தேய்ச்சு, கேக் மேல துணி மாதிரி விரிக்கணும். ஓரத்துல கொசுவம் விழும் பாருங்க, அங்கதான் உயிர் போகும். இழுத்தா கிழியும், விட்டா சுருங்கும். அப்புறம் உரிச்சு, பிசைஞ்சு, திரும்ப முதல்லேர்ந்து. ஒரே உருண்டையை ரெண்டு மாசமா ஓட்டறேன், பாவம், சாம்பல் கலராயிடுச்சு.

நிஜ கேக்கா? சுட்டுக்கிட்டுதான் இருந்தேன். வாசனை தெருமுனை வரைக்கும் போகும். அதைப் பிடிச்சுக்கிட்டு ஆளுங்க வந்தாங்க, ஆர்டர் வந்துச்சு, வாசல்ல நின்னு நாலு வார்த்தை பேசினாங்க. அது எங்க வீட்டுக்காரருக்குப் பொறுக்கல. ஓவனைத் தூக்கிட்டுப் போயி அவர் அக்கா வீட்ல வெச்சுட்டார். போன வாரம் போனும் போச்சு. இந்தத் தெர்மாகோலைப் பார்த்தா மட்டும் அவருக்குச் சிரிப்பு. இதைத் திங்க எவனும் வரமாட்டான், நல்லா பண்ணிக்கோங்கறார். எனக்கு அழுகையா வந்துச்சுக்கா. ஆனா பழகாம இருக்க கை கேக்கல.

மார்க்கெட்ல கேக் கடை வெச்சிருக்காங்களே ஒரு அம்மா, அவங்க எனக்குப் பழக்கம். போன் இருந்தப்பவே பேசி வெச்சுட்டேன். வர்ற திங்கக்கிழமை பத்து மணிக்கு அவங்க கண்ணு முன்னாடி மூணு அடுக்கைச் சுருக்கம் விழாம போர்த்திக் காட்டணும். காட்டிட்டா வேலை உண்டு, தங்க மாடியில ஒரு ரூமும் உண்டு. ஆமா, தங்கத்தான்.

உள்ள கூப்பிடாம கம்பி வழியாவே பேசறாளேன்னு நினைக்காதீங்க. இந்தாங்க, இந்த டப்பாவைப் பிடிங்க. ரோஜா. நான் பண்ணதுதான். பூவை ஷோகேஸ்ல வெச்சுக்கோங்க, வருஷக்கணக்கா இருக்கும். பசைப்பொடி போட்டுக் காய வெச்சிருக்கேன், கல்லு மாதிரி ஆயிடுச்சு.

அந்த ரெண்டு இலையை மட்டும் யாரும் கடிச்சிடாதீங்க. கொஞ்சம் தடியா, நரம்பு கோணலா இருக்கா? அது நரம்பு இல்லக்கா, சாவி அச்சு. முதல்ல வெறும் ஃபாண்டன்ட்லதான் எடுத்தேன், தொய்ஞ்சு போச்சு. முந்தாநாள் அவர் குளிக்கப் போனப்ப பசைப்பொடி கலந்து திரும்ப அழுத்தி எடுத்தேன், சாவியோட பக்கத்துக்கு ஒண்ணா. அப்பவே ஓடியிருக்கலாமேன்னா, மாமியார் ஹால்லயே உக்காந்திருந்தாங்க.

முனையில சாவி போடறவர்கிட்ட குடுங்க. ஈரக்கையால மட்டும் தொட வேணாம்னு சொல்லுங்க, கரைஞ்சுடும். திங்கக்கிழமை காலையில அவரும் மாமியாரும் எங்க கடைக்குக் கிளம்பினதும் நீங்கதான் வந்து திறக்கணும். பூட்டு வெளிப்பக்கம் இருக்கு.