குளிரில் செத்த மருந்து

தண்ணீர் முட்டியைத் தாண்டிவிட்டது. செவ்வாய்க்கிழமை. காலை மணி ஏழு பத்து. மண்ணூர்பேட்டைக்குப் பின்பக்கம் எங்கள் சுகாதார நிலையம். நான் அங்கே மருந்தாளுநர். தடுப்பூசி மருந்து வைக்கும் ஃப்ரிட்ஜ் என் பொறுப்பு. அது இப்போது மிதக்கிறது. சுவரில் இடிக்கிறது. டொக். மறுபடியும் டொக்.

வாட்ச்மேன் முனுசாமி அண்ணன் படிக்கட்டிலிருந்து கத்துகிறார்.

"யம்மா! ஏரித் தண்ணி வந்துகினே கீது! எல்லாத்தையும் உட்டுட்டு மேல ஏறு!"

விட்டுவிட்டு ஏறவா? நன்றாயிருக்கிறது கதை. விடியற்காலை இரண்டு மணிக்குக் கரெண்ட் போனது. அதற்கு நான் பயப்படவில்லை. மூடியைத் திறக்காமல் வைத்தால் அந்த ஃப்ரிட்ஜ் இரண்டு நாள் குளிரைப் பிடித்துவைக்கும். ஆனால் சாக்கடைத் தண்ணீர் உள்ளே போனால் தொலைந்தது.

நான் பயந்தது ஒருத்தியை நினைத்துத்தான். ரேவதி. தொழிற்பேட்டையில் தையல் கம்பெனி வேலை. நிறைமாதம். அவள் ரத்தத்தில் ஹெபடைடிஸ் பி கிருமி இருப்பது பரிசோதனையில் தெரிந்திருந்தது. கல்லீரலை அரிக்கிற கிருமி. தாயிடமிருந்து பிள்ளைக்குத் தாவும். பிறந்த இருபத்து நான்கு மணி நேரத்துக்குள் பிள்ளைக்கு ஊசி போட்டால் தடுக்க வழி இருக்கிறது. வீட்டுக்குள் தண்ணீர் வந்ததால் அவளை அண்ணனூர் பக்கம் பள்ளிக்கூட முகாமில் தங்கவைத்திருந்தார்கள். காலை ஆறரைக்கு எங்கள் நர்ஸ் ஸ்டெல்லா அங்கிருந்து போன் செய்தாள். ரேவதிக்கு வலி எடுத்துவிட்டது. ஆம்புலன்ஸ் வர வழியில்லை. ஊசி மருந்து வேண்டும். அவ்வளவுதான் கேட்டது. போன் செத்துவிட்டது.

பெரிய குளிர்ப்பெட்டியை மேஜைமேல் ஏற்றினேன். டீப் ஃப்ரீசரைத் திறந்தேன். ஐஸ் பேக்குகள் கருங்கல்லாக இருந்தன.

இங்கே நிறுத்திச் சொல்ல வேண்டும். டீப் ஃப்ரீசரிலிருந்து எடுத்த ஐஸ் பேக்கை நேராகப் பெட்டியில் வைக்கக் கூடாது. மேஜையில் பரப்ப வேண்டும். அதற்கு வியர்க்க வேண்டும். காதருகே ஆட்டிப் பார்த்தால் உள்ளே தண்ணீர் தளும்பும் ஓசை கேட்க வேண்டும். அரை மணி ஆகும். அவசரப்பட்டு வைத்தால் பக்கத்திலிருக்கும் மருந்து உறைந்துபோகும். சில மருந்துகள் உறைந்தால் செத்தன. பிறகு வெறும் தண்ணீர்தான். இதை எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். வருகிற நர்ஸ் ஒவ்வொருத்தியையும் ஐஸ் பேக்கைக் காதில் வைக்கச் சொல்லித் திட்டியவள் நான். ஸ்டெல்லா எனக்கு வைத்த பெயரே 'காது மேடம்'.

அன்று நான் ஆட்டிப் பார்க்கவில்லை. தண்ணீர் தொடைக்கு வந்துவிட்டது. சூடு பட்டுவிடும், சூடு பட்டுவிடும் என்று ஒரே பயம். நான்கு பக்கமும் ஐஸ். மேலேயும் ஐஸ். நடுவில் ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த குப்பிகள். மூடியை அழுத்தித் தாழ் போட்டேன். ஏழு முப்பத்தைந்து. அண்ணனும் நானும் தலைக்குமேல் தூக்கிப் படியேறினோம். கீழே ஃப்ரிட்ஜ் குப்புற விழுந்தது. பெரிய சத்தம். பிறகு குமிழி வரும் சத்தம் மட்டும்.

மொட்டை மாடி. முகாமுக்குப் போகும் டிராக்டர் வர வேண்டும். வரவில்லை. நான் பெட்டிமேல் உட்கார்ந்திருக்கிறேன். மாடியில் ஒதுங்கியிருந்த ஓர் ஆள் குடிக்கத் தண்ணீர் இருக்குமோ என்று மூடியில் கைவைத்தான்.

"தொறக்காத! கைய எடு! குளிர் போயிடும்!"

நான்தான் கத்தினேன். அடிக்கவே போய்விட்டேன். டிராக்டர் வந்தது எட்டு இருபதுக்கு. முழுசாக நாற்பத்தைந்து நிமிடம். திறந்து, ஐஸ் பேக்கை வெளியே பரப்பி, ஆட்டிப் பார்த்து, திரும்ப அடுக்க அது தாராளமாகப் போதும். எனக்கு அது தோன்றவே இல்லை. காவல் காக்கிறேன் என்ற பெருமை வேறு. சே.

டிராக்டர் ஓட்டியது பாபு. பக்கத்துத் தெரு. வழியெல்லாம் தண்ணீர். மாடிகளிலிருந்து ஆட்கள் கூப்பிடுகிறார்கள். ஓரிடத்தில் ஒரு பெண் துப்பட்டாவை வீசிக் கத்துகிறாள்.

"அண்ணாத்தே, அந்தாண்ட போவாத! கம்பி அறுந்து கெடக்குது!"

சுற்றிக்கொண்டு போனோம். பத்து ஐம்பதுக்குப் பள்ளிக்கூடம். ரேவதி ஐந்தாம் வகுப்பறையில் இருக்கிறாள். கரும்பலகையில் கூட்டல் கணக்கு அழியாமல் இருக்கிறது. பதினொன்று இருபதுக்குக் குழந்தை அழுதது. பெண். நானும் அழுதேன். சந்தோஷத்தில்தான். மருந்து கையில் இருக்கிறதே.

பெட்டியைத் திறந்தேன். சூடு பட்டால் கறுக்கும் அடையாளம் ஒன்று குப்பியில் உண்டு; அந்த வட்டத்துக்குள் சதுரம் வெளுப்பாக, சரியாக இருந்தது. சூடு படவில்லை. ஒரு நொடி சாமி கும்பிட்டேன். அந்த வட்டம் சூட்டை மட்டும்தான் காட்டும். குளிரைக் காட்டாது. குப்பியைச் சாய்த்தேன். மருந்து அசையவில்லை. இன்னொன்று. அதுவும் அசையவில்லை. எல்லாம் ஐஸ்.

உள்ளங்கையில் வைத்துக் கரைத்தேன். குலுக்கினேன். திரிந்த பாலாகத் திப்பி திப்பியாய் மிதந்தது. பிறகு அடியில் இறங்கியது. ஸ்டெல்லா என்னைப் பார்த்தாள். அடுத்த குப்பியையும் கரைத்துக் குலுக்கினேன்; அதுவும் அப்படியே.

ரேவதியின் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அதான் கரைஞ்சிடுச்சே! போட்டுடும்மா! கொயந்தைக்கு ஒண்ணும் ஆவாது!"

போடவில்லை. செத்த மருந்தைப் போட்டுவிட்டுப் போட்டாயிற்று என்று அட்டையில் எழுத என்னால் முடியவில்லை. வேறு மருந்து வாங்கிவரப் பாபுவை ஆவடிக்கு அனுப்பினேன். சுரங்கப்பாதையில் தண்ணீர் நிரம்பியிருந்ததால் திரும்பிவந்தான். பூந்தமல்லிக்குப் போனான். புதன்கிழமை பதினொன்று இருபது வந்தது. வகுப்பறையில் மாட்டியிருந்த கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நின்றேன். முள் நகர்ந்தது. என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும் என்று வாய்விட்டே சொன்னேன். பாபு வியாழக்கிழமை பகல் பன்னிரண்டு நாற்பதுக்கு வந்தான். சட்டைக்குள் மருந்துப் பை. இடுப்புவரை சேறு. நான் ஐஸ் பேக்கை ஆட்டிக் கேட்டேன். குப்பியைக் குலுக்கிப் பார்த்தேன். ஊசி போட்டேன். குழந்தைக்கு வயது நாற்பத்தொன்பது மணி நேரம் இருபது நிமிடம்.

அடுத்து வந்த தவணை எதையும் ரேவதி தவறவிடவில்லை. குழந்தைக்கு ஒன்பது மாதம் முடிந்து ரத்தம் எடுத்தார்கள். கிருமி இருந்தது. நேரத்துக்குப் போட்டிருந்தாலும் சில பிள்ளைகளுக்கு வரும் என்று டாக்டர் சொன்னார். இருக்கலாம். எனக்கு அதில் ஆறுதல் இல்லை. ரேவதியிடம் நடந்ததைச் சொன்னேன். மறைக்கவில்லை. அவள் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். "நீங்க தண்ணில தூக்கிகினு வந்தீங்களே" என்றாள்.

போனது இவ்வளவு. ஃப்ரிட்ஜ் ஒன்று. டீப் ஃப்ரீசர் ஒன்று. ஐந்து நோய்க்கான கூட்டு ஊசி, முப்பத்தெட்டுக் குப்பி. ரணஜன்னிக்கான டெட்டனஸ் ஊசி, இருபத்தாறு. ஹெபடைடிஸ் பி, பதினொன்று. தட்டம்மை மருந்தும் போலியோ சொட்டும் பிழைத்தன. அவை உறைந்தாலும் கெடாதவை.

பிள்ளை ஒன்று. பெயர் யாழினி. இரண்டு வயது. ஓடுகிறாள். என்னைக் கண்டால் அத்தை என்கிறாள். பிறந்த அன்று போட வேண்டிய ஊசிக்கு அவள் அட்டையில் ஒரு கட்டம் உண்டு. அதில் இருப்பது என் கையெழுத்து. தேதி இரண்டு நாள் பிந்தியது.